வலிக்காத புண்: கை, கால் நரம்பும் எலும்பும்



வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் பக்கத்து ஊர்களில் தோலைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஒரு தோலைக் கையில் எடுத்ததும் அது ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, முடிப்பக்கம் எது, சதைப்பக்கம் எது என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் டிரம்மில் சுற்றி வரும் தோலுக்கும் உங்கள் உடம்பின் மேல் இருக்கும் தோலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் தோலுக்கு வலி தெரியும்.

அந்த வலி ஓர் இடத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? "வலிக்கலேன்னா நல்லதுதானே, சிஸ்டர்?" என்று கூட்டங்களில் நம் தாய்மார்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்தப் பிரசுரம். குடும்பங்களுக்கு மட்டுமல்ல, பயிற்சியில் இருக்கும் செவிலிய மாணவிகளுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் இது பயன்படும் என்பதால் உடற்கூறு விஷயங்களைக் கொஞ்சம் விவரமாகவே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கலே" என்கிறோம். கை மேல் பச்சையாகத் தெரிவதை "நரம்பு ஓடுது" என்கிறோம். அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். விரலை விரித்தால் புறங்கையில் கயிறு போலப் புடைத்து நிற்கிறதே, அதையும் நரம்பு என்கிறோம். அதுவும் நரம்பு அல்ல. தசையை எலும்போடு கட்டி வைக்கும் தசைநாண் அது. உண்மையான நரம்பு வெண்மையான ஒரு நாண். உள்ளே இரத்தம் ஓடாது, செய்திதான் ஓடும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாது. சில இடங்களில் மட்டும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

தடவிப் பார்ப்போமா? வலது முழங்கையை மடக்குங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் ஓர் எலும்பு முட்டு இருக்கிறது. அந்த முட்டுக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் ஒரு பள்ளம். இடது கை விரலால் அந்தப் பள்ளத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒரு கயிறு நழுவும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டு விரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். கதவில் முழங்கை இடித்தால் வருகிற அதே ஷாக்தான். அதுதான் அல்நார் நரம்பு. இந்தப் பாடத்தில் பாதி இந்த ஒரு நரம்பைப் பற்றியது.

எலும்பின் கணக்கு

ஒரு கையில் மணிக்கட்டுப் பகுதியில் கூழாங்கல் போல 8 சிறு எலும்புகள், உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 27 எலும்புகள். ஒரு பாதத்தில் பின்பகுதியில் 7, நடுவில் 5, விரல்களில் 14, ஆக 26. இரண்டு கை, இரண்டு பாதம் சேர்த்தால் 106. வளர்ந்த மனிதருக்கு மொத்தம் 206 எலும்புகள். அதாவது உடம்பில் உள்ள எலும்புகளில் பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலும்தான் இருக்கின்றன. ஊசியில் நூல் கோர்ப்பதும், ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பதும், மேடு பள்ளத்தில் தடுமாறாமல் நடப்பதும் இத்தனை சிறு எலும்புகள் இருப்பதால்தான் முடிகிறது.

எலும்பு காய்ந்த கட்டை என்று நினைக்க வேண்டாம். அது உயிருள்ள பொருள். தினமும் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் புதிதாகச் சேர்கிறது. வேலை கொடுத்தால் உறுதியாகும். வேலையே கொடுக்காமல் முடக்கி வைத்தால் இளைத்துப் போகும். எலும்பின் மேல் ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையில் வலி நரம்புகள் ஏராளம். இருட்டில் கட்டில் காலில் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டால் உயிர் போகிறதே, காரணம் இதுதான்.

நரம்புக்கு மூன்று வேலை. தொட்டது, சுட்டது, குத்தியது என்ற செய்தியை மேலே மூளைக்குக் கொண்டுபோவது ஒன்று. மூளையின் கட்டளையைக் கீழே தசைக்குக் கொண்டுவருவது மற்றொன்று. மூன்றாவது வேலையைப் பலர் மறந்துவிடுவார்கள். அது வியர்வை சுரக்கச் செய்வது. இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நரம்பு கெட்டால் மூன்றும் கெடும்.

கழுத்துப் பக்கத் தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் அக்குள் பகுதியில் பின்னிப் பிணைந்து கைக்குள் இறங்குகின்றன. உள்ளங்கைக்கு முக்கியமானவை இரண்டு. முழங்கைப் பள்ளத்தில் நீங்கள் தொட்ட அல்நார் நரம்பு சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. மணிக்கட்டின் நடுவில் உள்ளே போகும் மீடியன் நரம்பு கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலின் மீதிப் பாதி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவதான ரேடியல் நரம்பு புறங்கைக்கு உணர்ச்சி தருவதோடு மணிக்கட்டை மேலே தூக்கவும் வைக்கிறது. காலில் முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே ஓர் எலும்பு முட்டின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்க வைப்பது அது. கணுக்காலின் உள்முட்டுக்குப் பின்னால் ஓடும் இன்னொன்று உள்ளங்காலுக்கு உணர்ச்சி தருகிறது.

கிருமி தேடும் இடம்

இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நரம்பு தோலுக்கு அருகில் ஓடுகிறது. ஆகவே உடம்பின் உட்பகுதியைவிட அங்கே குளிர்ச்சி. தொழுநோய்க் கிருமிக்குப் பிடித்தது இந்தக் குளிர்ச்சிதான். 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்த இந்தக் கிருமி மிக மெதுவாக வளரும். ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய 2 வாரம் எடுத்துக்கொள்கிறது. உடம்பில் நுழைந்து அறிகுறி காட்டச் சராசரியாக 5 வருஷம், சில பேருக்கு 20 வருஷம்கூட ஆகலாம். நரம்பு இழைகளைச் சுற்றிப் பாதுகாக்கும் ஷ்வான் செல்களுக்குள் போய் அது குடியேறுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது நரம்பு வீங்குகிறது. நரம்பைச் சுற்றியுள்ள உறை இறுக்கமானது, விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம், வெளியே இறுக்கம் என்று ஆனபின் நடுவில் இழைகள் நசுங்குகின்றன.

அல்நார் நரம்பு நசுங்கினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். பிறகு அந்த விரல்கள் உள்ளே மடங்கிக் கொக்கி போல நிற்கும். பார்ப்பவர்கள் "கை முடமாயிடுச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்பார்கள். நமது வேலூரில் ஒரு டாக்டர் இதை நம்ப மறுத்தார்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப் போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். அவர் அழுத்திய வேகத்தில் டாக்டருக்கே கை வலித்துவிட்டது. செத்துப்போன கையாக இருந்தால் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

விடை உடற்கூற்றில் இருக்கிறது. விரலை மடக்கிப் பிடிக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், அங்கே தசை அசைவது தெரியும். அவற்றில் பலவற்றுக்குப் போகும் நரம்புக் கிளைகள் ஆழத்தில், வெதுவெதுப்பான இடத்தில் பிரிவதால் கிருமி அவற்றை விட்டுவிடுகிறது. முடங்குவது உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள். விரலின் அடியை மடக்கி நுனியை நீட்டும் வேலை அவற்றுடையது. அவை நின்றுபோனதும் பெரிய தசைகள் எதிர்ப்பில்லாமல் இழுத்து, கை கொக்கியாகிவிடுகிறது. அப்படியானால் நன்றாக இருக்கும் தசை ஒன்றின் தசைநாணை இடம் மாற்றி விரலில் கட்டினால்? 1948 முதல் டாக்டர் பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் வேலூரில் இதைத்தான் செய்தார்கள். ஒரு தசைநாணோடு இன்னொரு துண்டு நாணை இணைத்து, நான்கு வாலாகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோகும் முறையை வளர்த்தார்கள். வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தபின், பழைய வேலையை மறந்து புதிய வேலையை அந்தத் தசை கற்றுக்கொள்கிறது. 1955-ல் காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் இதற்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை ஏற்பட்டது. கார் விபத்தில் 1954-ல் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை அறுவை சிகிச்சைகளைச் செய்தார் என்பதை இளம் செவிலியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அறுவை சிகிச்சை விரலை நிமிர்த்தும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

எலும்பு எப்படித் தேய்கிறது?

"தொழுநோய் வந்தா விரல் அழுகி விழுந்துடும்" என்று இன்னும் பேசுகிறார்கள். விரல் தானாக விழுவதில்லை. விரல் குட்டையாவதுதான் உண்மை. அதற்குப் பெரும்பாலும் நேர்க் காரணம் கிருமி அல்ல, உணர்ச்சி இல்லாத காரணத்தால் தெரியாமல் ஏற்படும் காயம்தான். இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியதும் வேலூர் டாக்டர்கள்தான்.

துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க டாக்டர் பிராண்ட் முயன்றார், சாவி திரும்பவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். இவனுக்கு எப்படி இவ்வளவு பலம் என்று கையைப் பார்த்தால், விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. பையனுக்குத் தெரியவே இல்லை. நாமாக இருந்தால் சாவி அழுத்தும்போதே "ஐயோ" என்று விட்டுவிடுவோம். வலி நம்மை நிறுத்துகிறது. அவனை நிறுத்த ஆள் இல்லை. இன்னொரு புதிர், ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணாமல் போனது. விழித்திருந்து கவனித்தபோது, எலி கடித்தது தெரிந்தது. அதன்பின் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் பல விரல்களைக் காப்பாற்றிய வைத்தியம் அது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மரத்த கையோடு சூடான இட்லிப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவது. எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் டீ. விரலிடுக்கில் எரிந்துகொண்டே வரும் பீடி. கொப்புளம் வந்தால்கூட வலி இல்லாததால் அதே கையோடு பாத்திரம் தேய்க்கிறோம், துணி துவைக்கிறோம். மூன்றாவது வேலையான வியர்வையை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேனே, அதுவும் இங்கே வருகிறது. வியர்க்காத தோல் வறண்டு வெடிக்கும். எண்ணெய் போடாத தோல் எப்படி மடிப்பில் வெடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வெடிப்பின் வழியே சாதாரண சீழ்க் கிருமிகள் உள்ளே போய் எலும்பைப் பிடிக்கின்றன. எலும்பில் சீழ் பிடித்தால் துண்டு துண்டாகச் செத்து வெளியே வரும், அல்லது கரைந்துவிடும். ஒவ்வொரு புண்ணுக்கும் விரல் கொஞ்சம் குட்டையாகும். பத்து வருஷத்தில் பத்துப் புண் வந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

பாதத்தின் கதை இன்னும் மோசம், ஏனென்றால் நாம் முழுப் பாரத்தையும் அதன்மேல் போடுகிறோம். உணர்ச்சியுள்ள ஆள் ஐந்து மைல் நடந்தால், தெரியாமலே நடையை மாற்றிக்கொண்டே இருப்பார். குதிகால் வலித்தால் ஓரத்தில் ஊன்றுவார், ஓரம் வலித்தால் நொண்டுவார். நொண்டுவது உடம்பின் புத்திசாலித்தனம். உள்ளங்கால் மரத்தவர் நொண்டமாட்டார். முதல் அடியில் எங்கே ஊன்றினாரோ ஆயிரமாவது அடியிலும் அங்கேயே ஊன்றுவார். பெரிய ஆணி குத்த வேண்டியதில்லை. இந்தச் சின்ன அழுத்தம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தாலே உள்ளே சதை நசுங்கி, பெருவிரலின் அடியில் புண் திறந்துவிடும். கணுக்காலுக்குக் கீழே உள்ள சிறு எலும்பு ஒன்று உடைந்தாலும் அவருக்கு வலிக்காது. உடைந்த எலும்பின் மேலேயே நடப்பார். சில மாதங்களில் பாதத்தின் வளைவு இடிந்து படகின் அடிப்பாகம் போலாகிவிடும். இந்தப் புண்ணுக்கு விலையுயர்ந்த களிம்பைவிட ஓய்வுதான் மருந்து. இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் 1930-களிலேயே இப்படிப்பட்ட பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணை ஆற்றினார். அந்த முறை வேலூரிலும் பயன்பட்டது. பாரம் ஓரிடத்தில் விழாமல் பாதம் முழுவதும் பரவும்போது உடம்பு தானே புண்ணை மூடிக்கொள்கிறது.

கம்பெனி வேலையா, சர்க்கரையா, தொழுநோயா?

நம் ஊரில் ஒரு தனிப்பட்ட சங்கடம் உண்டு. தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் குரோமிலும் கைவைத்து வேலை செய்பவர்களுக்குக் கையில் புண் வரும். குரோம் புண் வட்டமாக, ஆழமாக, குத்தி எடுத்தது போல இருக்கும். அதுவும் அதிகமாக வலிக்காது. ஆகவே வலிக்காத புண் எது வந்தாலும் "வேலையிலே வந்தது, சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். புண்ணைப் பார்க்காதீர்கள். புண்ணைச் சுற்றியுள்ள தோலைத் தொட்டுப் பாருங்கள். குரோம் புண்ணைச் சுற்றி உணர்ச்சி நன்றாக இருக்கும். சுண்டு விரல் முழுவதும் மரத்திருந்தால் அது குரோம் செய்த வேலை அல்ல.

ஷூ கம்பெனியில் சொல்யூஷன் என்று நாம் சொல்லும் ஒட்டுப்பசையில் ஹெக்சேன் என்ற கரைப்பான் கலந்திருந்தால், அதன் ஆவியைக் காற்றோட்டமில்லாத அறையில் நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்கு நரம்பு கெடும். 1960-களில் ஜப்பானில் செருப்புத் தயாரிக்கும் தொழிலாளர் பலருக்கு இப்படிக் கை கால் மரத்துப் பலவீனமாயின. இந்த மரத்தல் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, காலுறை போட்ட அளவில் ஆரம்பிக்கும். சர்க்கரை நோயில் வரும் மரத்தலும் அதே மாதிரிதான். தொழுநோயில் பெரும்பாலும் ஒரு பக்கம், ஒரு நரம்பின் எல்லையில், அல்லது ஒரு தேமலில் ஆரம்பிக்கும். மெஷினில் நாள் முழுவதும் தைப்பவர்களுக்கு மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கி, ராத்திரியில் முதல் மூன்று விரல்கள் விறுவிறுக்கும். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். இவற்றை நீங்களே தீர்மானிக்க வேண்டியதில்லை. எங்கே, எப்போதிலிருந்து, ஒரு பக்கமா இரு பக்கமா என்று டாக்டரிடம் சொல்லத் தெரிந்தால் போதும்.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2023-ல் வெளியான கணக்குப்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்று நம் பகுதியில் வலிக்காத கால் புண்ணோடு வருகிறவர்களில் இவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். டாக்டர் பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போனபின், வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடத்தைத்தான் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். ஆகவே கீழே சொல்லும் பாதப் பராமரிப்பு இரண்டு பேருக்கும் பொது.

வீட்டிலேயே சோதனை

வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் அதைச் சோதித்துப் பாருங்கள். சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பால்பாயிண்ட் பேனா முனையால் லேசாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். முதலில் நல்ல தோலில், பிறகு தேமலில். அரிப்பும் வலியும் உள்ள தேமல் பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். நமைச்சல் இல்லாமல், தொட்டது தெரியாமல், வியர்க்காமல் இருக்கும் தேமலைத்தான் காட்டவேண்டும். இதே பேனாவால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சோதிக்கலாம். பிறகு தசை: சுண்டு விரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லி உங்கள் விரலால் தடுத்துப் பாருங்கள். கட்டை விரலை உள்ளங்கைக்கு நேர் மேலே தூக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டையும் பாதத்தையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். கண்ணை இறுக மூடச் சொல்லுங்கள். முழுதாக மூடாவிட்டால் முக நரம்பைக் கவனிக்க வேண்டும்.

மரத்தல் தொடங்கி 6 மாதத்துக்குள் வந்தால், வீங்கிய நரம்புக்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பல பேருக்கு உணர்ச்சியையும் பலத்தையும் மீட்டுத் தருகிறது. 6 மாதம் தாண்டினால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இந்த 6 மாதக் கணக்கை மற்றதெல்லாம் மறந்தாலும் மறக்கக் கூடாது. ஏற்கனவே சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தேமல் சிவந்து வீங்கினாலும், முழங்கையிலோ முழங்காலிலோ நரம்பு வலித்தாலும், அடுத்த மாத்திரை நாள் வரை காத்திராமல் அன்றைக்கே போகவேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் இப்படி ஆவது அதிகம். குழந்தையைக் கவனிக்கிற மும்முரத்தில் தாய் தன் கையைக் கவனிப்பதில்லை. மாமியாரும் கணவரும் கேட்கவேண்டும்.

நோய்க்கு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து சிகிச்சையை நோயின் வகைக்குத் தக்கபடி 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். சாப்பிட ஆரம்பித்த சில நாட்களிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயப்படாதீர்கள். குளோஃபாசிமினால் தோல் கறுக்கும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இதனால்தான் மருந்தை நிறுத்துகிறார்கள். மருந்து முடிந்த பிறகு நிறம் மெல்ல மெல்லத் திரும்பிவிடும், கெட்ட நரம்பு திரும்பாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களையும் சோதித்து, தகுந்தவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2005 டிசம்பரில் நம் நாடு பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. அதைக் கேட்டு நோயே ஒழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் சட்டப் பிரிவுகள் 2019-ல் நீக்கப்பட்டுவிட்டன என்பதையும் பெண்ணைப் பெற்றவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கண் காவல்

உணர்ச்சி போன இடத்துக்கு இனி கண்தான் காவல். ராத்திரி படுக்கும் முன் கை, கால்களை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளங்காலைப் பார்க்க ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும், பிள்ளைகள் இதைச் சந்தோஷமாகவே செய்கிறார்கள். புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாக இருக்கும். உணர்ச்சியுள்ள ஒருவர் புறங்கையால் பாதம் முழுக்கத் தடவிப் பார்த்தால், ஓரிடம் மட்டும் கொதிப்பாக இருப்பது தெரியும். அங்கே பாரம் அதிகம் விழுகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் நடையைக் குறைக்க வேண்டும்.

வறட்சிக்குக் கை, கால்களைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் ஊறவைத்து, காய்ப்பை மட்டும் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவ வேண்டும். எண்ணெய் தண்ணீரைத் தோலுக்குள் பூட்டி வைக்கும். வெந்நீர் வேண்டாம், சூடு அவருக்குத் தெரியாது. பாத்திரம் இறக்கும் துணியை அடுப்புப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டி வையுங்கள். கரண்டிப் பிடிக்குத் துணி சுற்றுங்கள்.

செருப்பு விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆம்பூரில் தைத்த ஷூ வெளிநாட்டுக் கால்களில் நடக்கிறது, நம் வீட்டுப் பெரியவர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் தேய்ந்த செருப்போடு நடக்கிறார். மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். என்று சொல்லப்படும் மிருதுவான மைக்ரோ செல்லுலர் ரப்பர் உள்பாதம் வேண்டும். அடியில் கெட்டியான ரப்பர், முள் ஏறாது. ஆணியே கூடாது, ஒட்டியும் தைத்தும்தான் செய்ய வேண்டும். குதிகாலுக்குப் பின்பட்டை இருந்தால் கழலாது. கரிகிரியில் இந்தச் செருப்புக்கென்று பட்டறையே ஏற்பட்டது. தொழுநோயால் பாதம் மரத்தவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இது இலவசமாகவே கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து அளவு கொடுக்க வேண்டும். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவப்பு இல்லையென்றால் மறுநாள் ஒரு மணி நேரம். தினமும் போடும் முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கல், முள், பிய்ந்த தையல் எதுவும் இருக்கக் கூடாது. கையும் மரத்திருந்தால் இந்தத் தடவலை வீட்டில் வேறு ஒருவர் செய்ய வேண்டும். கட்டை விரலால் ரப்பரை அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே எழும்ப வேண்டும். எழும்பாமல் அப்படியே அமுங்கிக் கிடந்தால் அந்த ஜோடியின் ஆயுள் முடிந்தது, மாற்றுச் செருப்புக்கு அளவு கொடுத்துவிடுங்கள்.